அந்தக் காய்ச்சல் யார் வீட்டிலிருந்து வந்தது?

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சாயங்காலம் மூன்றரை மணி. என் மகளுக்கு ஒரு பாராசிட்டமால் மாத்திரையும் ஒரு டம்ளர் வெந்நீரும் கொடுத்தேன்.

இதையெல்லாமா எழுதுவார்கள், எல்லா வீட்டிலும் நடப்பதுதானே என்று கேட்பீர்கள். நடப்பதுதான். ஆனால் மாத்திரை கொடுத்த அரை மணி நேரத்தில் அவளை ஹாஸ்டல் வேனில் ஏற்றி அனுப்பினேன். விஷயம் அங்கேதான் இருக்கிறது.

மகள் இனியா, ஒன்பதாம் வகுப்பு. நாமக்கல் பக்கம் ஒரு பள்ளியில் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிறாள். எந்தப் பள்ளி என்று கேட்காதீர்கள். இதில் வருகிறவர்களின் பெயர்களையும் மாற்றியிருக்கிறேன். தப்பு செய்தவனின் பெயரை மட்டும் மாற்ற வழியில்லை... அது பத்தியின் தலையிலேயே அச்சாகியிருக்கிறது.

விடுமுறைக்கு வந்தவள் சனிக்கிழமை மதியம் உடம்பு வலிக்கிறது என்றாள். சாயங்காலம் தெர்மாமீட்டர் நூற்றொன்று காட்டியது. என் மனைவி ஆத்தூரில் அவள் அக்கா வீட்டு விசேஷத்துக்குப் போயிருந்தாள். சூரமங்கலத்து வீட்டில் நானும் மகளும் மட்டும். மழைக்காலக் காய்ச்சல், ஒரு நாளில் போய்விடும் என்று நானே டாக்டராகி முடிவு செய்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கொஞ்சம் குறைந்தது. மதியம் மறுபடி எட்டிப் பார்த்தது.

திங்கட்கிழமை அவளுக்கு யூனிட் டெஸ்ட். அன்றைக்கு வராவிட்டால் அப்புறம் டாக்டர் சர்டிபிகேட்டோடு பெற்றோரே கொண்டுபோய் விட வேண்டும் என்பது பள்ளியின் சட்டம். டெஸ்ட் போய்விடுமே என்றுதான் அனுப்பினேன் என்று அப்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மை வேறு. திங்கட்கிழமை எனக்குக் கோயம்புத்தூரில் ஒரு வேலை இருந்தது. அதைத் தள்ளிப்போட எனக்கு மனசில்லை.

வேனில் ஏறும் முன் ஒரு படிவம் நிரப்ப வேண்டும். மழைக்காலத்தில் எல்லா விடுமுறைக்குப் பிறகும் கேட்பார்கள். ‘கடந்த மூன்று நாட்களில் காய்ச்சல், இருமல், தொண்டை வலி இருந்ததா?’ ஆம், இல்லை என்று இரண்டு கட்டங்கள்.

நான் பேனாவை எடுத்தபோது இனியா பக்கத்தில் நின்றாள்.

“அப்பா, இருந்துச்சுல்ல?”

“இப்ப இல்லல்ல?”

நான் ‘இல்லை’யில் டிக் அடித்துக் கையெழுத்துப் போட்டேன். பத்து வருஷமாக இந்தப் பத்தியில் உங்களுக்கு நல்ல விஷயங்களை எழுதிவரும் அதே கைதான்.

நான்கு மணிக்கு வேன் வந்தது. சேலத்துப் பிள்ளைகள் எட்டுப் பேர். பள்ளி வாசலில் நெற்றிக்கு நேராக ஒரு கருவியை நீட்டிக் காய்ச்சல் பார்ப்பார்கள் அல்லவா? மாத்திரை அதையும் ஜெயித்துவிட்டது. ‘ரீச்டு’ என்று வார்டனிடமிருந்து வழக்கமான செய்தி வந்தது. நான் நிம்மதியாகக் கோயம்புத்தூருக்குத் துணி எடுத்துவைத்தேன்.

திங்கட்கிழமை சாயங்காலம் இனியாவுக்கு மறுபடி காய்ச்சல். செவ்வாய்க்கிழமை அவள் டார்மெட்ரியில் இன்னும் சிலருக்கு. புதன்கிழமை விடிந்தபோது பள்ளியே வேறு மாதிரி ஆகியிருந்தது.

பெற்றோர்களுக்கான வாட்ஸ்ஆப் குரூப்பில் முதல்வரின் குரல் பதிவு வந்தது. காலைப் பிரார்த்தனை இனி மைதானத்தில் இல்லை, வகுப்பிலேயே ஸ்பீக்கர் வழியாக. சாப்பாடு மூன்று பந்தியாக, ஒரு நாற்காலி விட்டு ஒரு நாற்காலி. படுக்கைகளைத் தள்ளிப் போட்டு, ஒருத்தி தலைமாட்டுக்கு நேராக அடுத்தவள் கால் வருகிற மாதிரி மாற்றியாகிவிட்டது. கோ-கோ டீம் கிருஷ்ணகிரிக்குப் போவதாக இருந்தது, அது ரத்து. அயர்ன் செய்து வைத்த ஜெர்சியை மடியில் வைத்துக்கொண்டு அந்தப் பிள்ளைகள் அழுதார்களாம்.

பயணத்துக்குத்தான் கடுமையான விதி. காய்ச்சல் வந்த பிள்ளையைச் சொந்த வண்டியில் வந்து அழைத்துப் போக வேண்டும். பஸ், வேன், ஷேர் ஆட்டோ எதுவும் கூடாது. ஒரே ஒருவர் வர வேண்டும், கண்ணாடியை இறக்கிவிட்டு ஓட்ட வேண்டும். மாத்திரை இல்லாமலே ஒரு முழு நாள் காய்ச்சல் வராமல் இருந்து, டாக்டர் சீட்டு வாங்கிய பிறகுதான் திரும்பி வரலாம்.

காய்ச்சல் வராத பிள்ளைகள்? அவர்கள் அங்கேயேதான் இருக்க வேண்டும்.

குரூப் கொதித்தது. ஒரு அப்பா குரல் பதிவு போட்டார். “நல்லா இருக்கற புள்ளைய எதுக்குங்க அங்க வெச்சிருக்கணும்? அதுக்கும் ஒட்டறதுக்குள்ள கூட்டிட்டு வந்தரலாமுங்கல்ல?”

அதற்குப் பதில் சொன்னவர் பள்ளியின் நர்ஸ், ரோஸ்லின். சேலத்துக்காரர். பிள்ளைகளுக்கு ‘ரோஸ் சிஸ்டர்’. எப்போதும் அவசரமே இல்லாத குரல்.

“நல்லா இருக்குன்னு நாம நினைக்கிற பிள்ளை நாளைக்குப் படுக்கலாம் சார். இங்க படுத்தா எனக்கு உடனே தெரியும். நீங்க கூட்டிட்டுப் போற பஸ்ல, பக்கத்து சீட்ல யார் உட்கார்ந்திருப்பாங்கன்னு உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.”

குரூப் அமைதியானது. நானும் ஒரு கைகூப்பும் பொம்மை போட்டேன். என்ன ஒரு மனசாட்சி பாருங்கள்...

வாசலில் கூட்டம் சேரக்கூடாது என்று ஒவ்வொருவருக்கும் ஒரு நேரம் கொடுத்தார்கள். எனக்கு வியாழக்கிழமை காலை பதினொன்றரை.

பள்ளிக்கு வெளியே, புளியமரத்து நிழலில் கார்கள் வரிசையாக நின்றன. யாரும் இறங்கவில்லை. ஒவ்வொரு பெயராகக் கூப்பிட, ஒவ்வொரு பிள்ளையாக மாஸ்க்கோடும் பையோடும் வந்து வண்டியில் ஏறியது. இனியாவின் முறை வந்தபோது ரோஸ் சிஸ்டரே அவளை அழைத்து வந்தார். நான்கு நாளில் மகள் இளைத்துப்போயிருந்தாள். கண் மட்டும் பெரிதாகத் தெரிந்தது.

சிஸ்டர் கையில் ஒரு நோட்டு. ஜன்னலுக்கு இரண்டடி தள்ளி நின்றுகொண்டு கேட்டார்.

“சார், எல்லார்கிட்டயும் கேக்கறதுதான். சனி, ஞாயிறுல இவளுக்கு வீட்ல காய்ச்சல் ஏதாவது இருந்துச்சா? லேசாக்கூட?”

நான் வாயைத் திறப்பதற்குள் இனியா சொன்னாள்.

“இல்ல சிஸ்டர். திங்கட்கிழமைதான் வந்துச்சு.”

சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பவே இல்லை. நேராகக் கார் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நீங்களாக இருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? அந்த இடத்திலேயே உண்மையைச் சொல்லியிருப்பேன் என்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்திருப்பேன்... அது வேறு யாருக்காவது நடந்திருந்தால். நான் செய்தது இதுதான்: தலையை ஆட்டினேன். வண்டியைக் கிளப்பினேன்.

இரண்டு கிலோமீட்டர் போயிருப்போம். பின் சீட்டில் விசும்பல் கேட்டது.

“என்னடா, வலிக்குதா?”

“இல்லப்பா.”

“பின்ன?”

“தர்ஷினி வரமாட்டா. அவளை யாரும் கூட்டிட்டுப் போகமாட்டாங்க.”

தர்ஷினி யார் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. இனியாவின் வகுப்பு. பனமரத்துப்பட்டிப் பக்கம் ஊர். அப்பா குழந்தைவேல் அரளித் தோட்டம் வைத்திருக்கிறார், தினமும் பூவைப் பறித்துச் சேலம் மார்க்கெட்டுக்கு அனுப்புகிறவர். அம்மா சாந்தாமணிக்கு இரண்டு சிறுநீரகமும் போய், போன வருஷம்தான் மாற்று சிறுநீரகம் வைத்தார்கள். கொடுத்தது கணவரே. வைத்த சிறுநீரகத்தை உடம்பு தள்ளிவிடாமல் இருக்க, எதிர்ப்பு சக்தியைக் குறைக்கும் மாத்திரையை அந்த அம்மா தினமும் சாப்பிட வேண்டும். நமக்கு நான்கு நாள் படுக்கவைத்துவிட்டுப் போகிற காய்ச்சல் அவருக்கு எமனாகிவிடும்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் தர்ஷினிக்கும் காய்ச்சல் வந்துவிட்டது. பள்ளி விதிப்படி வீட்டுக்குப் போக வேண்டும். ஆனால் அவள் அந்த வீட்டைத் தவிர வேறு எங்கு வேண்டுமானாலும் போகலாம்.

“எல்லாரும் போயிட்டா சிக் ரூம்ல அவ மட்டும்தான் இருப்பா” என்றாள் இனியா. பிறகு, ரொம்பச் சின்னக் குரலில், “வேன்ல என் தோள்லதான் சாஞ்சு தூங்கிட்டு வந்தா. மல்லூர்ல ஏறினதுல இருந்து” என்றாள்.

ரோட்டோரத்தில் வண்டியை நிறுத்தினேன். லாரிகள் காரை அசைத்துவிட்டுப் போய்க்கொண்டிருந்தன.

“நீ எதுக்குடா சிஸ்டர்கிட்ட இல்லைன்னு சொன்ன?”

“நீங்க டிக் பண்ணியிருந்தீங்கல்ல. பொய்னு தெரிஞ்சா உங்களுக்கு அசிங்கமா இருக்கும்.”

பதினான்கு வயசு. உடம்பெல்லாம் அனல். அந்த நிலையில் அப்பாவின் மானத்தைக் காப்பாற்றியிருக்கிறாள். வண்டியைத் திருப்பினேன்.

என் கார் மறுபடி வாசலுக்கு வருவதைப் பார்த்து, எதையோ மறந்துவிட்டோம் என்று நினைத்து சிஸ்டர் அருகில் வந்தார். நான் இறங்கி நின்று சொன்னேன். சனிக்கிழமை மதியத்திலிருந்தே காய்ச்சல். ஞாயிற்றுக்கிழமை மூன்றரைக்கு மாத்திரை. படிவத்தில் நான் எழுதியது பொய். மகள் சொன்னதும் எனக்காகச் சொன்னது.

திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் திட்டவில்லை. நோட்டைப் பிரித்து விறுவிறுவென்று ஏதோ எழுதினார்.

“சனிக்கிழமை எத்தனை மணிக்கு சார்?”

“ரெண்டு, ரெண்டரை இருக்கும்.”

“தர்ஷினி இவ பக்கத்துல உட்கார்ந்து வந்தாளா?”

“தோள்ல சாஞ்சு தூங்கியிருக்கா.”

சிஸ்டர் நிமிர்ந்தார். மாஸ்க்குக்கு மேலே கண் ஈரமாகியிருந்தது. கோபமாக்கும் என்று நினைத்தேன்.

“சார், ரெண்டு நாளா நான் தூங்கல” என்றார். “இனியாவுக்குத் திங்கள் சாயங்காலம் காய்ச்சல், தர்ஷினிக்குச் செவ்வாய் சாயங்காலம். ஒரே நாள்ல இவகிட்ட இருந்து அவளுக்கு ஒட்டறது அபூர்வம். அப்போ தர்ஷினி வீட்ல இருந்தே கொண்டு வந்திருக்கணும்னு நினைச்சேன். வீட்ல இருந்துன்னா, அவ அம்மாகூட பத்து நாள் ஒரே வீட்ல இருந்திருக்கா. அவங்களுக்கும் ஒட்டியிருக்கும். சேலத்துல அவங்க டாக்டர்கிட்ட நான்தான் பேசினேன். அந்தம்மாவைத் தனி ரூம்ல வெச்சிருக்காங்க. இன்னிக்கு சாயங்காலம் அட்மிட் பண்றதா இருந்தாங்க.”

“இப்ப?”

“இப்ப நீங்க சொல்றது நிஜம்னா, அவளுக்கு ஒட்டினது வேன்ல. வேன்ல ஏறினதுக்கு அப்புறம் அவ அம்மாவைப் பாக்கவே இல்ல சார்.”

எனக்குப் புரியச் சில நொடிகள் ஆயின. என் பொய் எட்டுப் பிள்ளைகள் இருந்த வேனுக்குள் காய்ச்சலைக் கொண்டுபோனது மட்டுமில்லை. பனமரத்துப்பட்டியில் ஒரு குடும்பத்தை இரண்டு நாளாகச் சாவு பயத்தில் உட்காரவைத்திருந்தது.

“நானே அவங்க வீட்டுக்குப் பேசறேன் சிஸ்டர்” என்றேன்.

அவர் நம்பரைச் சொன்னார். முதல் ரிங்கிலேயே எடுத்துவிட்டார்கள்.

“ஏனுங்க, ஸ்கூல்ல இருந்துங்களா? புள்ளைக்கு என்னாச்சுங்க?”

“தர்ஷினி நல்லா இருக்காங்க. நான் இனியாவோட அப்பா பேசறேன். அவளும் உங்க பொண்ணும் ஒரே வேன்ல போனாங்க.”

“ஆமாங்க, சொல்லுங்க.”

சொன்னேன். ஒரு வரி விடாமல் சொன்னேன். மாத்திரையை, படிவத்தை, தோளில் சாய்ந்து தூங்கியதை.

“அப்போ...” என்றார் குழந்தைவேல், “எங்க ஊட்டுல இருந்து வரலீங்களா?”

“இல்லைங்க. எங்க வீட்ல இருந்துதான்.”

“நெசமாத்தாஞ் சொல்றீங்களா?”

“சத்தியமாங்க.”

போனைக் காதிலிருந்து எடுத்துவிட்டு அவர் கத்தியது எனக்குத் தூரத்தில் கேட்டது. “சாந்தா... ஏ சாந்தா... நம்ம ஊட்டுல இருந்து இல்லியாமா. வண்டியிலதான் ஒட்டிக்கிச்சாமா. நீ பயப்படாத சாமி.” பதிலுக்கு ஒரு பெண் குரல் ஏதோ கேட்டது. கதவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து வருகிற குரல்.

மறுபடி போனுக்கு வந்தபோது அவர் அழுதுகொண்டிருந்தார். “நல்லா இருப்பீங்க சாமி. ரெண்டு நாளா நான் மோட்டார் ரூம்லதானுங்க படுத்துக்கறேன். எனக்கும் ஒட்டியிருக்குமோன்னு அவளுக்குச் சோறுகூட சன்னல் வழியாத்தான் வெக்கறேன். ரொம்ப நன்றிங்க. கூப்பிட்டுச் சொன்னீங்க பாருங்க...”

நன்றியாம்.

அந்த மனிதர் என்னை நாலு வார்த்தை திட்டியிருக்கலாம். திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போயிருப்பேன். திட்டாமல் விட்டதுதான் இன்றைக்கும் வலிக்கிறது.

வைக்கும் முன் கேட்டேன். “உங்க பொண்ணை நான் எங்க வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகட்டுங்களா? என் மனைவி இருக்காங்க. ரெண்டு பேருக்கும் ஒரே காய்ச்சல்தான். சரியாகற வரைக்கும் பாத்துக்கறோம்.”

அவர் உடனே சரி என்று சொல்லவில்லை. அது நியாயம்தானே? மகளுக்குக் காய்ச்சல் கொடுத்தவனிடமே மகளையும் கொடு என்றால்? “ஊட்டுல கேட்டுட்டுச் சொல்றேனுங்க” என்றார்.

அதற்குள் நான் என் வீட்டில் கேட்க வேண்டியிருந்தது. ஆத்தூரிலிருந்து திரும்பியிருந்த மனைவிக்குப் போன் செய்து அவளிடமும் முழுக்கச் சொன்னேன். அன்றைக்கு மூன்றாவது முறை. சொல்லச் சொல்லப் பழகிவிடும் என்று நினைத்தேன். பழகவில்லை. அவள் கேட்டு முடித்துவிட்டுச் சொன்னாள்.

“மாடி ரூமைச் சுத்தம் பண்ணி வைக்கறேன். கண்ணாடியை இறக்கிவிட்டு ஓட்டுங்க. மத்ததை அப்புறம் பேசிக்கலாம்.”

அந்த ‘அப்புறம்’ இன்னும் வரவில்லை. வரும்.

பத்து நிமிஷத்தில் குழந்தைவேல் கூப்பிட்டார். சாந்தாமணியே என் மனைவியோடு பேச வேண்டும் என்றாராம். இரண்டு பெண்களும் என்ன பேசினார்களோ, எனக்குத் தெரியாது. பிறகு பள்ளி கேட்டபடி குழந்தைவேல் கைப்பட எழுதிய சம்மதக் கடிதம் வாட்ஸ்ஆப்பில் வந்தது. முதல்வர் வீடியோவில் அவரிடம் பேசி உறுதி செய்துகொண்டார். ரோஸ் சிஸ்டர் ஒரு தாளில் இரண்டு பக்கம் எழுதிக் கொடுத்தார். எத்தனை மணிக்கு என்ன, எவ்வளவு தண்ணீர், மூச்சு வாங்கினால் எங்கே ஓட வேண்டும்... எல்லாம்.

“வேன்ல வந்த மத்த பிள்ளைங்க வீட்டுக்கெல்லாம் நான் சொல்லிடறேன் சார். உங்க பேரைச் சொல்லட்டுமா வேண்டாமா?”

“சொல்லுங்க சிஸ்டர்.”

தர்ஷினி ஒல்லியான, உயரமான பெண். பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு வந்து ஏறினாள். “வணக்கம் அங்கிள்” என்றாள். நான்கு ஜன்னலும் திறந்திருக்க, காற்று அறைய, ராசிபுரம் தாண்டுவதற்குள் இரண்டு பேரும் தூங்கிவிட்டார்கள். இந்த முறை இனியாதான் அவள் தோளில் சாய்ந்திருந்தாள்.

அந்தப் பெண் எங்கள் வீட்டில் இருந்தது எட்டு நாள்.

தண்ணீர் குடிக்கக்கூட அனுமதி கேட்பாள். எழுந்ததும் போர்வையை நான்கு முனையும் சரியாகச் சேர்த்து மடிப்பாள், உடம்பு நடுங்கும்போதும். அம்மா ஆஸ்பத்திரியும் வீடுமாக இருந்த வருஷங்களில் யாருக்கும் பாரமாக இருக்கக்கூடாது என்று அவளாகவே பழகிக்கொண்டது. என் மனைவி மூன்றாம் நாள் அந்தப் போர்வையைப் பிடுங்கிக் கட்டிலில் சுருட்டி எறிந்துவிட்டு, “காய்ச்சக்காரி இப்படித்தான் போட்டு வைக்கணும்” என்றாள். தர்ஷினி அன்றைக்குத்தான் முதல்முறை சிரித்தாள்.

அதே நாள் மதியம் அவளுக்குக் காய்ச்சல் நூற்று மூன்றைத் தாண்டியது. என்ன செய்தும் இறங்கவில்லை. உதறிப்போய் ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். டாக்டர் நெஞ்சில் வைத்துக் கேட்டார், படம் எடுத்தார், சளி நுரையீரலுக்குள் இறங்கவில்லை என்றார். அந்த ஒரு மணி நேரத்தில் எனக்குக் கடவுள் பக்தி எவ்வளவு என்று எனக்கே தெரிந்தது.

இரண்டு நாள் கழித்து ஒரு காலையில் அவள் உடம்பு முழுக்க வேர்த்திருந்தது. தெர்மாமீட்டர் இறங்கியிருந்தது. “ஆன்ட்டி, பசிக்குது” என்றாள். மனைவி அடுப்படிக்கு ஓடியதைப் பார்க்க வேண்டுமே.

தினமும் காலையிலும் சாயங்காலமும் வீடியோவில் அம்மா வருவார். மாஸ்க் போட்டுக்கொண்டே வருவார், போனிலும். என்ன சாப்பிட்ட, எத்தனை இட்லி, கால் வலி போச்சா... கேள்விகள் தீராது. சாந்தாமணிக்கு ஒன்றும் வரவில்லை. டாக்டர் சொன்ன நாட்கள் கடந்ததும் குழந்தைவேல் மோட்டார் ரூமிலிருந்து வீட்டுக்குத் திரும்பினார். வேனில் வந்த மற்ற பிள்ளைகளில் மூன்று பேருக்குக் காய்ச்சல் வந்து சரியாகிவிட்டது. அந்த வீடுகளுக்கும் நானே பேசினேன். ஒரு அம்மா நன்றாகத் திட்டினார். அவருக்கு நான் நன்றி சொன்னேன்.

ஒரு மத்தியானம், தர்ஷினி தூங்கும்போது, மகளிடம் மன்னிப்புக் கேட்டேன். எனக்காக அவளைப் பொய் சொல்ல வைத்ததற்கு.

“நீங்க சொல்லச் சொல்லலியேப்பா” என்றாள்.

“சொல்லல. ஆனா நான் டிக் அடிச்சதை நீ பாத்துட்டு இருந்த.”

கொஞ்சம் யோசித்தாள். “திரும்பிப் போனதையும் பாத்துட்டுதான இருந்தேன்” என்றாள். அவ்வளவுதான். போய் டி.வி.யைப் போட்டுக்கொண்டாள்.

டாக்டர் சீட்டு கிடைத்தது. பள்ளிக்குக் கிளம்பும் நாளில் சாந்தாமணியிடமிருந்து ஒரு வேண்டுகோள். வருகிற வழிதானே, பிள்ளையைத் தூரத்திலிருந்தாவது பார்க்க முடியுமா?

அவர்கள் டாக்டரிடம் கேட்டோம். வெளியில், காற்றோட்டமாக, தள்ளி நின்று, மாஸ்க்கோடு என்றால் சரி என்றார்.

மல்லூரில் திரும்பி ஊருக்குள் போனோம். மண் ரோட்டின் ஓரத்தில் காரை நிறுத்தினேன். இரண்டு பக்கமும் அரளி. மழை பெய்து கழுவிவிட்டிருந்ததால் செடியெல்லாம் சிவப்பாக நின்றன. தோட்டத்தின் அந்த முனையில் வீடு. வரப்பின் மேல் சாந்தாமணி நின்றார், பச்சைச் சேலையில். பக்கத்தில் குழந்தைவேல். எங்களுக்கும் அவர்களுக்கும் நடுவே இருபது அடிக்குக் குறையாமல் இடைவெளி இருக்கும்.

தர்ஷினி இறங்கி நின்றாள். யாரும் அழவில்லை. அம்மா அவளைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். பிறகு சத்தமாகச் சொன்னார்.

“திரும்பு சாமி. அந்தப் பக்கம் திரும்பு. ஜடையப் பாக்கறேன்.”

அவள் திரும்பி நின்றாள். காலையில் என் மனைவி பின்னிவிட்ட ரெட்டை ஜடை. சாந்தாமணி ரொம்ப நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். மகளின் முதுகு அவர் பக்கம். அதனால் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டதை மகள் பார்க்கவில்லை. நாங்கள் பார்த்தோம்.

“நல்லாத்தான் பின்னியிருக்காங்க” என்றார். “நேக்கா இருக்குது. அக்காகிட்ட சொல்லீருங்க.”

குழந்தைவேல் ஒரு பையைத் தூக்கிக்கொண்டு வந்து, காருக்கு ஆறடி முன்னால் தரையில் வைத்துவிட்டுப் பின்னால் நகர்ந்தார். வறுத்த நிலக்கடலையும் ஒரு சீப்பு வாழைப்பழமும். “ஊட்டுக்குள்ள கூப்பிட்டு ஒரு வாய் காப்பி குடுக்க முடியல, தப்பா நெனச்சுக்காதீங்க” என்றார் என்னிடம். அவர் என்னிடம் சொல்கிறார்.

“அரைப் பரிட்சை லீவுக்கு நீயே வந்துருவ” என்று அம்மா கையை ஆட்டினார். “போயிட்டு வா சாமி.”

“வாரேம்மா.”

வண்டி கிளம்பியது. மெயின் ரோடு வரும்வரை தர்ஷினி பின் கண்ணாடி வழியாகவே பார்த்துக்கொண்டு வந்தாள். அழப்போகிறாள் என்று நினைத்து நான் வேகத்தைக் குறைத்தேன். இனியா டிஷ்யூவை எடுத்துத் தயாராக வைத்துக்கொண்டாள்.

அவள் முன்பக்கம் திரும்பி உட்கார்ந்தாள். முகமெல்லாம் மலர்ந்திருந்தது.

“அங்கிள், எங்கம்மா கொஞ்சம் குண்டாயிட்டாங்கல்ல?”

ஒரு பெண்ணைக் குண்டாகிவிட்டாள் என்று இவ்வளவு சந்தோஷமாக யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.